சிறிய பாய்மரப் படகைப் பார்த்து வழியில் போகிறவர்கள் சொன்னவை: உங்களுக்குக் கிடைத்ததையும் எழுதுங்கள்

காவேரிப்பட்டணத்துப் படகுக்காரன் (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். கிருஷ்ணகிரி மாவட்டம் காவேரிப்பட்டணம் எனக்குச் சொந்த ஊர். இங்கிருந்து புதுச்சேரிக் கடற்கரை, சாலை வழியாக இருநூறு கிலோமீட்டருக்கும் அதிகம். அப்படிப்பட்ட ஊரில் ஒருவன் படகு கட்டினால் என்னென்ன பேச்சு கிளம்பும் என்பதை நான் முன்கூட்டியே யோசித்திருக்க வேண்டும், யோசிக்கவில்லை.

எங்கள் குடும்பத்திற்கு ஒரு மாங்காய் மண்டி இருந்தது. மண்டி நின்றுபோன பிறகு வெறுமனே கிடந்த தகரக் கொட்டகையில், மூன்றாண்டுக் காலம் விடுமுறை நாட்களிலும் இரவுகளிலும் உழைத்து, 19 அடி நீளமும் 7 அடி அகலமும் கொண்ட ஒரு பாய்மரப் படகைக் கட்டினேன். பிளைவுட் பலகைகளை வடிவத்திற்கு ஏற்ப அறுத்து, ஓரங்களைச் செப்புக் கம்பியால் துணி தைப்பதைப் போலத் தைத்து, மூட்டுகளில் எபாக்ஸி பசையை நிரப்பி, அதன்மேல் கண்ணாடியிழைத் துணியை ஒட்டுகிற முறை இது. உள்ளே இருவர் படுக்கலாம், உட்காரலாம், நிற்க முடியாது. ஓர் அடுப்பும் ஒரு தண்ணீர்க் கேனும் வைக்க இடமிருக்கிறது. படகு பக்கவாட்டில் நழுவாமலிருக்க நீருக்குள் இறக்கும் நடு அடித்தகட்டைத் தூக்கிவிட்டால் ஓரடித் தண்ணீரிலேயே மிதக்கும். இறக்கிவிட்டால் மூன்றரை அடி ஆழம் வேண்டும். கரையோரமாக இரண்டு மூன்று நாட்கள் தங்கிப் பயணம் செய்வதற்காகக் கட்டியதே தவிர, மீன் பிடிக்கவோ பந்தயத்திற்கோ கட்டியதல்ல. வடிவத்தைப் பார்த்து என் மகள் இதற்கு 'மாங்கொட்டை' என்று பெயர் வைத்தாள்.

பெயரைப் படித்த முதல் ஆள் ஒரு மாங்காய் வியாபாரி. படகைச் சுற்றி ஒரு நடை நடந்துவிட்டு, "கொட்டை இல்லீங்க இது, கிளிமூக்கு மாங்காயை நெடுக்கால அறுத்துக் கவுத்து வெச்ச மாதிரி இருக்குது" என்றார். எங்கள் பகுதியின் மாங்கூழ் ஆலைகளுக்கு வண்டி வண்டியாகப் போவது அந்தக் கிளிமூக்கு மாங்காய்தான் என்பதால், முகப்பின் வளைவை அவரைவிடச் சரியாக எவரும் விவரித்திருக்க முடியாது என்று நினைக்கிறேன்.

டிரெய்லரில் ஏற்றி வெளியே கொண்டுவந்த அன்று பேருந்து நிலையத்தின் அருகே போக்குவரத்து நின்றுவிட்டது. பெட்டிக்கடைக்காரர் ஒருவர் எழுந்து வந்து, "காவேரிப்பட்டணத்துக்குக் கப்பல் வந்து ரெண்டாயிரம் வருஷம் ஆச்சு சார், இன்னிக்குத்தான் மறுபடி பாக்கறோம்" என்று கைகுலுக்கினார். சோழர்களின் துறைமுகமான காவிரிப்பூம்பட்டினம் வேறு, தென்பெண்ணைக் கரையில் இருக்கும் எங்கள் ஊர் வேறு என்பது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். ஆயினும் அந்தக் கைகுலுக்கலை நான் மறுக்கவில்லை.

டிரெய்லரின் அச்சைப் பற்றவைக்கத் தருமபுரிக்குக் கொண்டுபோனபோது பட்டறைக்கு எதிரே நின்றிருந்த பெரியவர் மிகுந்த கவலையோடு கேட்டார்: "ஒகேனக்கல் உபரிநீரை ஏரிக்கெல்லாம் கொண்டாற வேலை முடிஞ்சிபோச்சா தம்பி? எங்களுக்கு ஒருத்தரும் சொல்லலையே." காவிரியில் வெள்ளக்காலத்தில் வீணாகப் போகும் நீரை இறைத்து மாவட்டத்து ஏரிகளை நிரப்ப வேண்டும் என்று தருமபுரிக்காரர்கள் எத்தனை காலமாகக் கேட்டு வருகிறார்கள் என்பதை அறிந்தவர்களுக்கு, அந்தக் கேள்வியில் பாதி வேடிக்கை, பாதி வேடிக்கையல்ல என்பது புரியும்.

புதுச்சேரிக்குப் புறப்பட்டது 2025 பிப்ரவரியில். ஊத்தங்கரையில் தேநீருக்காக நிறுத்தினேன். அதற்கு இரண்டு மாதங்களுக்கு முன்புதான் ஃபெஞ்சல் புயல் கரையைக் கடந்து வலுவிழந்து வந்து, அந்த ஊரில் ஒரே நாளில் 50 சென்டிமீட்டர் மழையைக் கொட்டி, நிறுத்தி வைத்திருந்த கார்களையும் வேன்களையும் வெள்ளத்தில் இழுத்துக்கொண்டு போயிருந்தது. கடைக்காரர் தேநீரை என் கையில் கொடுத்துவிட்டுப் படகையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "டிசம்பர் ஒண்ணாந்தேதி எங்க சார் போயிருந்தீங்க?" என்றார். கடையில் இருந்த அத்தனை பேரும் சிரித்தார்கள். அவர் மட்டும் சிரிக்கவில்லை. தேநீருக்குக் காசும் வாங்கவில்லை.

செங்கத்தை அடுத்து ஒரு மரத்தடியில் கயிறுகளை இறுக்கிக்கொண்டிருந்தபோது ஓர் அம்மா வந்து, மடக்கிக் கட்டியிருந்த மரத்தைக் காட்டி அது என்ன என்று கேட்டார். பாய்மரம் என்றேன். "பாய் எங்க?" என்றார். உறையைத் திறந்து சுருட்டி வைத்திருந்த பாயைக் காட்டினேன். விரலால் தேய்த்துப் பார்த்துவிட்டு, "கோரையில்லையே கண்ணு, இதுல படுத்தா வழுக்கிக்கிட்டுப் போவாதா?" என்றார். வழுக்கிக்கொண்டு போவதற்காகத்தான் அம்மா அது இருக்கிறது என்று சொல்ல நினைத்து, சொல்லாமல் விட்டுவிட்டேன்.

ஒரு பள்ளி மாணவனின் கேள்விக்கு மட்டும் இன்றுவரை சரியான பதில் கொடுக்கவில்லை. "பெண்ணையாறு கடலூர்லதான கடல்ல சேருது? ஆத்துலயே விட்டிருந்தா டீசல் மிச்சம்தான மாமா?" என்றான்.

கடைசியாக, எனக்குக் கிடைத்த மிக உயர்ந்த பாராட்டு. புதுச்சேரி தேங்காய்த்திட்டில் ஒரு மீனவப் பெரியவர் படகைப் பத்து நிமிடங்கள் வாய் திறவாமல் பார்த்தார், குனிந்து அடிப்பக்கத்தைத் தட்டிக் காதால் கேட்டார், நிமிர்ந்து, "அணியத்தை நல்லாத் தூக்கி வெச்சிருக்காங்க, அலை ஏறும். யாரு மேஸ்திரி?" என்றார். அணியம் என்றால் படகின் முன்முனை. நான்தான் என்றேன். "சும்மா சொல்லாதீங்க சார்" என்று சிரித்தபடி போய்விட்டார். மூன்றாண்டு உழைப்பிற்கு அந்த நம்பாமையே போதுமான கூலி.

உங்களில் சிறு படகு, பரிசல், தோணி என எதையேனும் வைத்திருப்பவர்கள், அறிமுகமில்லாதவர்கள் சொன்ன வேடிக்கையான அல்லது மனம் குளிரவைத்த சொற்களை எழுத வேண்டுகிறேன். கூடவே, "எவ்வளவு ஆச்சு?" என்பதற்கும் "லிட்டருக்கு எவ்வளவு குடுக்குது?" என்பதற்கும் நீங்கள் என்ன பதில் சொல்கிறீர்கள் என்பதையும் சொன்னால் உதவியாக இருக்கும். எவரும் அவற்றைக் கேட்காமல் விடுவதில்லை.

பரிசல்துறை வீட்டுப்பிள்ளை, ஒகேனக்கல்

அண்ணா, உங்கள் பதிவை எங்கள் அப்பாவிற்குப் படித்துக் காட்டினேன். அவர் நாற்பது ஆண்டுகளாகப் பரிசல் ஓட்டியவர். தாத்தா பரிசல் பின்னியவர். படகின் படத்தைப் பார்த்ததும் அப்பா கேட்ட முதல் கேள்வி: "எதுக்கு இதுக்கு மூக்கு? அந்தப் பக்கம் மட்டுந்தான் போகுமா?" எங்களுடையது வட்டம் என்பதால், எந்தப் பக்கம் திரும்பினாலும் அதுதான் முன்பக்கம். இதை அவர் கேலியாகச் சொல்லவில்லை. பாறைகளுக்கு இடையே நீர் திசைமாறிச் சுழலும் இடத்தில், மூக்குள்ள படகைத் திருப்பி நேராக்குவதற்குள் அது பாறையில் மோதிவிடும்; பரிசல் சுழன்றபடியே நழுவி வெளியே வந்துவிடும் என்பது அவர் கணக்கு. அதே பரிசலைக் கொண்டுபோய்க் கடலில் விட்டால் ஒரே இடத்தில் சுற்றிக்கொண்டிருக்கும் என்பதையும் அவரே சொன்னார்.

சுற்றுலா வருகிறவர்கள் பரிசலைப் பார்த்துச் சொல்வதை எழுதினால் தனி நூலாகும். மூங்கிலைப் பிளந்து பின்னி, அந்தக் காலத்தில் தோலையும் பிறகு பிளாஸ்டிக் தாளையும் போர்த்தித் தார் பூசிய அந்தப் பரிசலைத் தலைமேல் கவிழ்த்துத் தூக்கிக்கொண்டு தாத்தா கரையில் நடக்கும்போது, தூரத்திலிருந்து பார்ப்பவர்களுக்குக் கால் முளைத்த குடை வருவது போலத் தெரியும். ஒரு குழந்தை அதைப் பார்த்து, "அம்மா, ஆமை எந்திரிச்சு நிக்குது" என்று கத்தியதாம். தாத்தா கடைசிவரை அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்.

பெங்களூரிலிருந்து வந்த ஒரு குடும்பத்தின் தலைவர், ஏறி உட்கார்ந்து பாதுகாப்பு உடையைக் கட்டிக்கொண்ட பிறகு, "பிரேக் எங்கே இருக்கிறது?" என்று மிகவும் மரியாதையாக விசாரித்தார். அப்பா துடுப்பைக் காட்டினார். "கியர்?" என்றார். அதற்கும் துடுப்பைக் காட்டினார். "ஸ்டீயரிங்?" என்று கேட்கவிடாமல் அவர் மனைவி அவரைத் தடுத்துவிட்டார். இன்னொருவர் நடு ஆற்றில் நான்கு சுற்றுச் சுற்றிவிட்டதும், கண்ணை மூடிக்கொண்டு, "இந்தப் பக்கமா கர்நாடகா, அந்தப் பக்கமா?" என்று கேட்டார். ஆற்றின் நடுவில் நின்றுகொண்டு அந்தக் கேள்விக்குப் பதில் சொல்வது எங்கள் ஊரில் அவ்வளவு எளிதல்ல.

பாராட்டு என்றால், எனக்குப் பிடித்தது ஒன்று. நீர்வரத்து அதிகமாகிப் பரிசல் இயக்கத் தடை போட்டிருந்த ஒரு நாள், கரையில் வரிசையாகக் கவிழ்த்து வைத்திருந்த பரிசல்களைப் பார்த்த ஒரு பாட்டி, "எவ்ளோ பெரிய கல்யாணம் முடிஞ்சிருக்கும், இத்தனை வாணலியைக் கழுவிக் கவுத்தி வெச்சிருக்காங்க" என்றார். வருமானமில்லாமல் உட்கார்ந்திருந்த ஓட்டிகள் எல்லாரும் அன்று சிரித்த ஒரே சமயம் அதுதான்.

விலை கேட்பவர்களுக்குத் தாத்தா வைத்திருந்த பதில்: "வாங்கக் கேக்கறயா, வாயாடக் கேக்கறயா?" இரண்டாவது என்றால் உட்கார வைத்துப் பேசுவார்.

நெடுங்கல் வாசி

அந்த மாணவனிடம் சொல்லுங்கள்: நம் ஊரிலிருந்து ஆற்றோடு இறங்கினால் முதலில் எங்கள் நெடுங்கல் அணைக்கட்டில் தூக்கி வைக்க வேண்டும். பிறகு சாத்தனூர் அணை, திருக்கோவிலூர் அணைக்கட்டு, எல்லீஸ் சத்திரம் அணைக்கட்டு. இவற்றையெல்லாம் ஆள் வைத்துத் தூக்கித் தாண்டும் கூலி, டீசலைவிட அதிகமாகும். மேலும், ஆண்டின் பெரும்பகுதி அந்த ஆற்றில் படகை மணலில்தான் இழுக்க வேண்டியிருக்கும். பையனின் புவியியல் ஆசிரியருக்கு என் வாழ்த்துகள்.

ஓசூர் முன்னாள் படைவீரர்

ஐயா, பதிவைப் படித்தவுடன் ஒன்று கண்ணில் பட்டது. தருமபுரிப் பெரியவர் உபரிநீரைக் கேட்கிறார், ஊத்தங்கரைக் கடைக்காரர் வெள்ளத்தைக் கேட்கிறார், மாணவன் பெண்ணையாற்றைக் கேட்கிறான். நம் இரு மாவட்டங்களில் படகைப் பார்த்தவர்களில் மாங்காய் வியாபாரியையும் பெட்டிக்கடைக்காரரையும் தவிர வேறு ஒருவரும் படகைப் பற்றிப் பேசவில்லை, தண்ணீரைப் பற்றியே பேசியிருக்கிறார்கள். படகைப் படகாகப் பார்த்துப் பேசியவர் புதுச்சேரிக்காரர். அவருக்குத் தண்ணீர் ஒரு கேள்வியே இல்லை.

நான் பெங்களூரில் உள்ள மெட்ராஸ் பொறியாளர் படைப்பிரிவில் பணியாற்றியவன். அல்சூர் ஏரிக்கரையில் எங்கள் முகாம் இருந்ததால், இளைஞர்களாக இருந்தபோது அங்கே பாய்மரப் படகு பழகும் வாய்ப்பு எனக்கும் கிடைத்தது. முதல் வாரத்திலேயே, காற்று திரும்பியதைக் கவனிக்காமல் பாயின் கயிற்றைப் பிடித்துக்கொண்டே இருந்ததால், படகு பக்கவாட்டில் சாய்ந்து கவிழ்ந்து, படகிலிருந்த இருவரும் நீரில் விழுந்தோம். கரையில் மாலைநேரத்தில் உலாவ வந்திருந்த ஒரு குடும்பம் எழுந்து நின்று கைதட்டியது. நாங்கள் படகை நிமிர்த்தி, நனைந்த பூனைகளைப் போல ஏறி உட்கார்ந்தபோது, அந்த வீட்டுப் பெரியவர் கன்னடத்தில் உரக்கக் கேட்டார்: "அடுத்த காட்சி எத்தனை மணிக்கு?" பயிற்றுநர் அதைக் கேட்டுவிட்டார் என்பதுதான் சோகம். அதன்பிறகு யார் கவிழ்ந்தாலும் 'முதல் காட்சி முடிந்தது' என்றே பதிவேட்டிற்கு வெளியே பேசிக்கொள்வோம்.

"இவ்வளவு சின்னதா இருக்கே, கடலுக்குத் தாங்குமா?" என்று கேட்பவர்கள் உங்களுக்கும் வாய்த்திருப்பார்கள். அவர்களுக்காக இரண்டு செய்திகளை வைத்துக்கொள்ளுங்கள். எங்கள் படைப் பொறியாளர் பிரிவினர் 'திரிஷ்ணா' என்ற பாய்மரப் படகில் 1985 செப்டம்பரில் இங்கிலாந்திலிருந்து புறப்பட்டு, உலகைச் சுற்றி 1987 ஜனவரியில் மும்பை வந்து சேர்ந்தார்கள். அதன் நீளம் 37 அடி. நம் ஊர்ப் பேருந்து ஒன்றின் நீளந்தான். அண்மையில், இந்தியக் கடற்படையின் முன்னாள் அதிகாரி அபிலாஷ் டோமி 2022 செப்டம்பரில் பிரான்சில் தொடங்கிய கோல்டன் குளோப் பாய்மரப் படகுப் போட்டியில் 36 அடிப் படகில் தனி ஒருவராக உலகைச் சுற்றி, 2023 ஏப்ரல் இறுதியில் இரண்டாவதாக வந்து சேர்ந்தார். அதற்கு முந்தைய போட்டியில் புயலில் சிக்கி முதுகெலும்பு முறிந்து மீட்கப்பட்டவர் அவர் என்பதையும் சொன்னால், கேட்டவர் படகின் அளவை மறந்துவிடுவார். தாங்குவது நீளத்தில் இல்லை. அடியில் இருக்கும் எடை, மூடினால் நீர் புகாத கதவு, ஓட்டுபவரின் நிதானம் ஆகியவற்றில் இருக்கிறது. ஆனால் இந்தப் பேச்சையெல்லாம் கேட்டுவிட்டு உங்கள் 19 அடிப் படகைக் கரையோரத்தைவிட்டு வெளியே கொண்டுபோய்விடாதீர்கள். அது கட்டப்பட்ட வேலையைச் செய்யட்டும்.

மைலேஜ் கேட்பவர்களிடம் நான் சொல்லக்கூடியது: "காத்து இருந்தா கணக்கே இல்லை, காத்து இல்லைன்னா போகவே போகாது." இதைச் சொன்னால் அவர்கள் உடனே மின்சார ஸ்கூட்டரைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிடுவார்கள். அனுபவத்தில் சொல்கிறேன்.

பாலக்கோட்டு மகள், இப்போது நெதர்லாந்தில்

இங்கே ஃபிரீஸ்லாந்து என்ற ஏரிகளும் கால்வாய்களும் நிறைந்த மாகாணத்தில் நானும் என் கணவரும் 23 அடி நீளமுள்ள ஒரு பழைய ஃபைபர் படகை வைத்திருக்கிறோம். எங்களைவிட வயதில் மூத்த படகு அது. இங்கே படகைப் பார்த்து எவரும் வியப்பதில்லை, ஏனெனில் வீட்டுவாசலில் நம்மவர்கள் இருசக்கர வண்டி நிறுத்துவதைப் போலப் படகை நிறுத்தியிருப்பார்கள். அதனால் எங்களுக்குக் கிடைக்கும் சொற்கள் வேறு வகை.

முதல் ஆண்டு, கரையில் நடப்பவர்கள் எல்லாரும் எங்கள் படகைப் பார்த்து "அழகான குட்டிப் படகு" என்றார்கள். எனக்குக் கோபம் வந்தது. வசதியில்லாதவர்கள் என்று சுட்டுகிறார்களோ என்று நினைத்தேன். பிறகுதான் தெரிந்தது, டச்சு மொழியில் பிரியமான எதற்கும் இறுதியில் ஒரு குட்டி விகுதியை ஒட்டிவிடுவார்கள். காபியும் குட்டி, வெயிலும் குட்டி, நாற்பத்தைந்து அடிப் படகும் குட்டிதான். நம் வீட்டில் ஆறடி வளர்ந்த பிள்ளையைப் பாட்டி "குட்டி, சாப்டியா?" என்று கேட்பதை நினைத்துக்கொண்டேன், கோபம் போய்விட்டது.

சில கால்வாய்களில் பாலத்தைத் தூக்கிவிடும் காவலர், தூண்டில் போன்ற ஒரு கம்பில் மரச்செருப்பைக் கட்டி நம் தலைக்கு நேரே இறக்குவார். பாலக் கட்டணக் காசை அதில் போட வேண்டும். ஒருமுறை நான் காசைப் போடும்போது, அடுப்பில் சாம்பாருக்குத் தாளித்துக்கொண்டிருந்தது. காவலர் செருப்பை மேலே இழுக்காமல் நிறுத்தி, "காசு வேண்டாம், அதில் ஒரு கரண்டி போடுங்கள்" என்றார். மரச்செருப்பில் சாம்பார் ஊற்ற மனம் வராமல் கிண்ணத்தில் கொடுத்தோம். பின்னால் நின்ற படகுகள் காத்திருந்தன. இன்னொரு துறையில், பெரிய மரப்படகு வைத்திருந்த ஒரு முதியவர் இரவில் வந்து எங்கள் கதவைத் தட்டி, இந்தத் துறையிலேயே நல்ல வாசனை வருவது உங்கள் படகிலிருந்துதான் என்று சொல்லிவிட்டுப் போனார். அவர் படகின் பித்தளைகள் கண்ணைப் பறிக்கும். அப்படிப்பட்டவர் வாயிலிருந்து வந்த சொல் அது.

ஆனால் எல்லாவற்றையும் மிஞ்சியது ஊரிலிருந்து வந்திருந்த என் அம்மா. அந்நியர் இல்லைதான், படகுக்கு அந்நியர் என்பதால் சேர்த்துக்கொள்ளுங்கள். உள்ளே இறங்கி, அடுப்பு, அலமாரி, படுக்கை எல்லாவற்றையும் பார்த்து, "பாலக்கோட்டுச் சமையற்கட்டைவிட இது வசதி" என்று சான்றிதழ் கொடுத்தார். பிறகு மேலே வந்து கேட்டார்: "வாசல் எந்தத் திசை?" நாங்கள் நங்கூரம் போட்டிருந்தோம். நங்கூரமிட்ட படகு எப்போதும் மூக்கைக் காற்றுக்கு எதிரே வைத்துக்கொள்ளும். கதவு பின்பக்கம் இருப்பதால், காற்று எந்தத் திசைக்குப் போகிறதோ அந்தத் திசையில் வாசல் இருக்கும். காலையில் கிழக்கு வாசல், மதியம் வடக்கு வாசல், சாயங்காலம் தெற்கு வாசல் என்று என் கணவர் விளக்கினார். அம்மா சிறிது நேரம் யோசித்துவிட்டு, "அப்போ சாயங்காலத்துக்கு மேல புதுசா எதுவும் ஆரம்பிக்காதீங்க" என்றார். ஆறு ஆண்டுகளாகிறது. மாலையில் தெற்குப் பார்த்து நின்றால், நாங்கள் எந்தப் பழுதுபார்க்கும் வேலையையும் தொடங்குவதில்லை. அது நம்பிக்கையா சோம்பலா என்று கேட்காதீர்கள்.

விலை கேட்டால், வாங்கிய விலையை உண்மையாகச் சொல்லிவிடுவோம். இங்கே பழைய சிறு படகுகள் வியக்கத்தக்க அளவு மலிவு. நிறுத்துமிடத்தின் ஆண்டு வாடகைதான் வலிக்கும். அதைச் சொன்னதும் கேட்டவர்கள் நம்மை அனுதாபத்தோடு பார்ப்பார்கள், பேச்சு அங்கேயே முடிந்துவிடும்.

தகடூர்த் தச்சன்

உங்களுடையதைக் கட்டுமரம் என்று எவரும் அழைக்கவில்லையா? நான் ஒரு சிறு தோணிக்குப் பலகை அறுத்துக் கொடுத்தபோது பார்த்தவர்களில் பாதிப் பேர் அப்படித்தான் அழைத்தார்கள். மரங்களைக் கட்டினால் கட்டுமரம், பலகையால் குடைவாகச் செய்தால் அது வேறு என்று சொல்லிச் சொல்லி ஓய்ந்துவிட்டேன். வேடிக்கை என்னவென்றால், வெளிநாடுகளில் இரண்டு உடல்களை இணைத்துக் கட்டும் சொகுசுப் படகுகளுக்கு நம் கட்டுமரத்தின் பெயரைத்தான் எடுத்துக்கொண்டிருக்கிறார்கள். அதனால் பிழையாகச் சொல்பவர்களைத் திருத்தும் தகுதி எனக்கு இருக்கிறதா என்று இப்போது ஐயமாக இருக்கிறது.

காவேரிப்பட்டணத்துப் படகுக்காரன்

எழுதிய அனைவருக்கும் நன்றி. பரிசல்துறைத் தம்பி, "வாங்கக் கேக்கறயா, வாயாடக் கேக்கறயா" என்பதை நான் இனி எடுத்துக்கொள்கிறேன். தாத்தாவிற்கு என் வணக்கம். பாலக்கோட்டுச் சகோதரிக்கு: மாங்கொட்டையின் வாசலும் பின்பக்கந்தான் இருக்கிறது. இதுவரை அதைப் பற்றிக் கவலைப்படாமல் இருந்தேன், கெடுத்துவிட்டீர்கள். தச்சரே, கட்டுமரம் என்று அழைத்தவர்கள் உண்டு, எண்ணி முடியாததால் எழுதவில்லை. சுங்கச்சாவடி ஒன்றில் வரிசையே அப்படித்தான் அழைத்தது. பணியிலிருந்த இளைஞர், "கப்பலுக்குப் பட்டியல்ல ரேட் இல்லைங்க சார்" என்று எழுந்து நின்று ஒரு சல்யூட் வைத்து, வண்டிக்கான கட்டணத்தை மட்டும் எடுத்துக்கொண்டார்.

ஓசூர் ஐயா சொன்னது என்னை இரண்டு நாட்களாக விடவில்லை. உண்மைதான். என் படகைப் பார்த்தவர்கள் சொன்னதையெல்லாம் ஒரு தாளில் எழுதி வைத்துப் பார்த்தேன். நம் பக்கத்து ஆட்கள் சொன்னதில் தண்ணீர் இல்லாத பேச்சு நான்கோ ஐந்தோதான். அதில் ஒன்று பெயிண்ட் நிறத்தைப் பற்றியது. கரையோரத்தைத் தாண்ட மாட்டேன் என்பதையும் உறுதியாகச் சொல்கிறேன். என் மனைவியும் இந்தப் பதிவைப் படிக்கிறார்.

இன்று காலை நடந்ததைச் சொல்லிவிட்டுப் போகிறேன். கொட்டகைக் கதவைத் திறந்துவைத்துத் தூசி தட்டிக்கொண்டிருந்தேன். அந்த வழியே ஆடு ஓட்டிக்கொண்டு போகும் ஓர் ஆயா, என்றும் நிற்காதவர், இன்று நின்றார். கோலை ஊன்றிக்கொண்டு படகின் பக்கவாட்டைத் தடவினார், ஆட்டின் விலாவைத் தடவுவதைப் போல. பிறகு கேட்டார்:

"இதுக்குத் தண்ணி காட்டி எத்தினி நாளாச்சு சாமி?"

முதலில் சிரித்துவிட்டேன். பிறகுதான் உறைத்தது. பலகைகளை அடுத்தடுத்து வைத்துக் கட்டிய அந்தக் காலத்துப் படகுகளுக்கு இது மிகவும் சரியான கேள்வி. நீண்ட நாள் வெயிலில் கிடந்தால் பலகை சுருங்கி இடுக்கு விட்டுப்போகும். நீரில் இறக்கி ஊறவிட்டால் மரம் பருத்துத் தானாக அடைத்துக்கொள்ளும். அதுவரை உள்ளே நீர் கசியும், இறைத்துக்கொண்டே இருக்க வேண்டும். என்னுடையது எபாக்ஸி பூசிய பிளைவுட் என்பதால் அந்தத் தொல்லை இல்லை. இதையெல்லாம் ஆயாவிடம் எப்படி விளக்குவது என்று தெரியாமல், கேட்டதற்கு மட்டும் பதில் சொன்னேன்.

"நாலு மாசமாச்சு ஆயா."

ஒன்றும் பேசாமல் என்னை மேலும் கீழும் பார்த்தார். ஆடுகளை ஓட்டிக்கொண்டு நகர்ந்தவர், திரும்பிப் பார்த்துச் சொன்னார்: "வாயில்லா ஜீவன். இழுத்துக்கிட்டுப் போயி காட்டு."

வருகிற சனிக்கிழமை புறப்படுகிறோம்.